காலி சீட்டும் இடுப்பு ஊசியும்

இன்று வல்வெட்டித்துறை பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன்.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிறேன். கரு தங்குவதற்கு நாளும் இடுப்பில் புரொஜெஸ்டரோன் ஊசி. உட்கார்ந்தால் உயிர் போகிறது.

"இருங்கோ தங்கச்சி," என்றார் கண்டக்டர்.

"பரவாயில்லை அண்ணை."

அவர் மறுபடியும் சொல்ல, முழு பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

காலி சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அக்கா மெல்லக் கேட்டார், "ஊசியோ?"

"ஓம். உங்களுக்கு?"

"எனக்குக் கீழாலை உள்ளுக்கு வைக்கிற மாத்திரை. நோகாது. ஆனா வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கவேணும். அந்த நேரம் பாத்துத்தான் மாமி தேத்தண்ணி கேப்பா."

"எது நல்லதாம்?"

"ரெண்டும் ஒரே வேலைதான் எண்டவர் டொக்டர். அவருக்கென்ன, குத்து வாங்கிறதும் அவரில்லை, படுக்கிறதும் அவரில்லை."

சிரித்த சிரிப்பில், காலையில் வந்த இரத்தப் பரிசோதனை முடிவையும் சொல்லிவிட்டேன். கரு தங்கியிருக்கிறது.

இறங்கும் வரை அக்கா என் கையை விடவில்லை. பெயர் கேட்க இருவருமே மறந்துவிட்டோம்.

மூன்று மாதம் முடியும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாதென்பது அம்மாவின் கட்டளை. நல்லவேளை, இதை எழுதுகிற பேஸ்புக்கில் அம்மா இல்லை.

சித்தி, நீங்கள் இருக்கிறீர்கள். தயவுசெய்து லைக் போடாதேங்கோ, அம்மாட்டையும் சொல்லாதேங்கோ.