எதிர்க்கரையின் சரிவு

ஆற்றில் பாலம் இல்லாத இடத்தில் ஆட்கள் எங்கே இறங்கி நடக்கிறார்கள் என்பதை, வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தக் கரையில் ஒரு பாதை வந்து முட்டும். அந்தக் கரையில் அதற்கு நேராக இன்னொரு பாதை கிளம்பும். நடுவில் தண்ணீரின் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். ஊத்தங்கரைப் பக்கம் தென்பெண்ணையைத் தாண்டி டியூஷனுக்குப் போய் வந்தவள் நான், எனக்கு இது தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் நான்காவது மாடியில் உட்கார்ந்து, பெயர்கூடத் தெரியாத ஒரு நாட்டின் ஆற்றில் அதைச் சொன்னபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வேலை படம் பார்த்துக் கோடு போடுவது. பெரிய நிலப்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டித் திரையில் அனுப்புவார்கள். எந்த ஊர், எந்த நாடு என்று இருக்காது, எண் மட்டும்தான். சாலையைச் சாலை என்றும், பாலத்தைப் பாலம் என்றும், ஆற்றைக் கடக்கும் துறையைத் துறை என்றும் குறித்து அனுப்ப வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர், வெள்ள மீட்புக்கான வரைபடம் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல காரியம் என்று நம்பித்தான் செய்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தோம்.

ஒரே கட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால் கட்டம் பச்சையாகிப் போய்விடும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பாகி வாடிக்கையாளருக்கே போகும். அதற்கு நாங்கள் பஞ்சாயத்து என்று பெயர் வைத்திருந்தோம். கூரையா தார்ப்பாயா, புதரா குப்பைமேடா என்று பஞ்சாயத்துக்குப் போனவை எல்லாம் கடைசிப் படத்தில் காணாமல் போய்விடும். சந்தேகம் என்றால் கழித்துவிடுவார்கள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்தவள் என் வயதுக்காரி. கண்டோன்மெண்ட் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். கன்னடத்தில் சண்டை போடுவாள், உருதுவில் பேரம் பேசுவாள், என்னிடம் தமிழ். அவளுக்கு ஆறு என்றால் மழைக்காலத்தில் அவர்கள் தெருவுக்குள் வரும் சாக்கடைத் தண்ணீர்தான். பாதை முட்டும் விஷயத்தை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சொன்னேன். சொன்னேன் என்ன, பீற்றிக்கொண்டேன். அவள் என் டிபன் டப்பாவிலிருந்து கருவாட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"இவ்ளோதானா? இதுக்காடி டீம் லீட் உன்னத் தலைமேல தூக்கி வச்சிக்கினு கீறாரு? இனிமே நானும் போடுவேன் பாரு."

போட்டாள். என்னைவிட நன்றாகவே போட்டாள்.

ஒரு புதன்கிழமை காலைக் கூட்டத்தில் டீம் லீட் புதிய விதிமுறைகளை வாசித்தார். சாலையோரம் மரங்கள் எவ்வளவு அடர்த்தி என்று குறிக்க வேண்டும். துறை இருந்தால் எதிர்க்கரையின் சரிவு எளிதா, நடுத்தரமா, கடினமா என்று குறிக்க வேண்டும். எதிர்க்கரை என்றால் எப்போதும் கிழக்குக் கரைதான்.

பக்கத்து இருக்கைக்காரி கையைத் தூக்கினாள். "சார், ஏன் ஒரு பக்கம் மட்டும்? ரெண்டு கரையும்தானே கீது?"

"கிளையண்ட் கேட்டிருக்காங்க, நாம குடுக்கணும். ஜாஸ்தி யோசனை பேடாம்மா," என்று பாதிக் கன்னடத்தில் பேச்சை வெட்டினார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மத்தியானமே எனக்கு அந்த ஆறு வந்தது. நன்றாக வளைந்து, வளைவுக்குள் ஒரு சின்னத் தீவு. தீவுக்குக் கொஞ்சம் கீழே இரண்டு கரையிலும் பாதை வந்து முட்டியது. துறை என்று குறித்தேன். எதிர்க்கரையின் சரிவைப் பார்த்தேன், மாடு ஏறி இறங்கித் தேய்ந்த தரை. 'எளிது' என்று போட்டேன். குறித்ததெல்லாம் வெள்ளிக்கிழமை மொத்தமாகப் போகும், அதுவரை திருத்தலாம்.

சாயங்காலம் ஹெப்பகோடியில் வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். கணவர் டிவியில் செய்தி வைத்திருந்தார். எங்கோ ஒரு எல்லையில் ராணுவப் பயிற்சி நடக்கிறதாம், பக்கத்து நாட்டுக்காரர்கள் பயப்படத் தேவையில்லையாம். திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். மேற்குப் பக்கம் சிவப்பு அம்புகள், நடுவில் ஒரு ஆறு. ஆற்றில் ஒரு வளைவு, வளைவுக்குள் ஒரு தீவு. டீ பொங்கி அடுப்பில் வழிந்தது.

காலையில் கூட்டத்தில் அவள் கேட்டாளே, ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று. வெள்ளத்தில் மாட்டியவன் எந்தக் கரை கிடைத்தாலும் ஏறுவான். மேற்கிலிருந்து கிழக்கே போகிறவனுக்குத்தான் கிழக்குக் கரையின் சரிவு மட்டும் வேண்டும். அதுவும் கனமான வண்டியோடு போகிறவனுக்கு. இது விளங்குவதற்கு எனக்கு ஒரு டிவி தேவைப்பட்டது. என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னவர்களை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

போனில் தேடி அந்த வளைவைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊருக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். யாரோ அந்த ஊர்ப் படங்களைப் போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட விழா, ஒரு ரொட்டிக் கடை, ஒரு கல்யாணம். ஒரு படத்தில் நான்கு பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் நின்று கம்பளம் துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் தேய்ந்த கரை, நான் எளிது என்று போட்ட கரை. படத்தைப் பெரிதாக்கி அவர்கள் முகங்களைப் பார்த்தேன். நான் கணக்குப் போட்டது சரியாக இருக்கிறதே என்று ஒரு மூலையில் சந்தோஷமும் பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் வியாழக்கிழமை. சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு ஆறு வந்திச்சுடி. பாம்பு மாதிரி வளைஞ்சிக்கினு, நடுவுல தீவு. சக்கத்தா கீது. அங்க போயி ஒரு வாரம் தங்கணும்போல கீது."

எனக்கும் நேற்று வந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என்னோடு அந்தக் கட்டத்தைக் குறிக்கும் இன்னொரு ஆள் இவள்தான். ஒரு வாக்கியம் போதும். அது வெள்ளத்துக்கு இல்லை, படையெடுப்புக்கு, துறையைப் போடாதே என்று சொன்னால் முடிந்தது. அவள் போட மாட்டாள். கேள்வி கேட்பாள், எழுந்து டீம் லீட்டிடம் போவாள், மாடி முழுக்கக் கேட்கும்படி கத்துவாள். அதுதான் எனக்குப் பயம். வேலையில் சேர்ந்தபோது எதையும் வெளியே பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். கணவர் வேலை பார்த்த பாக்டரியில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இவள் கத்தினால் யார் சொன்னது என்று கேட்பார்கள், என் தலை உருளும். அதனால் கமுக்கமாக ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"துறை ஏதாவது கீதா அதுல?" என்று அவளே கேட்டாள். "நான் இன்னும் அந்தப் பக்கம் போவல."

"தெரியல. நான் சரியாப் பாக்கல," என்றேன்.

இருக்கைக்குப் போய் என் குறியை அழித்தேன். துறையும் போயிற்று, சரிவும் போயிற்று. வெறும் ஆறு. அவள் கவனிக்காமல் விட்டால் இரண்டும் ஒத்துப்போய்விடும். அவள் போட்டாலும் பஞ்சாயத்துக்குத்தானே போகும், சந்தேகம் என்று கழித்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த ஊர் தப்பித்தது, நானும் தப்பித்தேன். பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது, பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரிதான் தெரிந்தேன்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. குறிப்பிட்ட ஒரு கட்டத்தில் இரண்டு பேர் முரண்பட்டதால், வாடிக்கையாளர் அதை இன்னும் கிட்டத்தில், இன்னும் துல்லியமாகப் புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தாராம். புதிய படத்தில் ஒரு டிராக்டர் ஆற்றின் நடுவில் நின்றுகொண்டிருந்ததாம். துறை உறுதி. வேறு யார் கண்ணிலும் படாததைக் கண்டவருக்குப் பாராட்டு என்று அவள் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது.

கூரைச் சண்டைகளை அவர்கள் கழித்தது, கூரை அவர்களுக்குத் தேவையில்லை என்பதால்தான். துறை தேவை. நான் பேசாமல் விட்டிருந்தால் அது ஆயிரத்தில் ஒரு பச்சைக் கட்டமாகப் போய்க் கண்ணில் படாமலே கிடந்திருக்கலாம். நான் அழித்ததால்தான் அது சிவப்பாகி அவர்கள் மேஜைக்குப் போனது. இது புரிந்த பிறகும் மெயிலை மூடிவிட்டு அடுத்த கட்டத்தைத் திறந்தேன்.

டீம் லீட் பேக்கரியிலிருந்து ஹனி கேக் வரவழைத்தார். அவள் தன் துண்டைப் பாதியாகப் பிட்டு என் வாயருகே நீட்டினாள்.

"உன்னாலதான்டி இது. நீ சொன்ன ஐடியாதானே. இந்தா, துன்னு."

தின்றேன். அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாடிக்கையாளருக்கு எழுதியிருப்போமோ, பத்திரிகைக்காரர் யாரிடமாவது போயிருப்போமோ, ஒன்றும் நடந்திருக்காதோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சியே செய்யவில்லை. இன்னும் சில வாரங்கள் இருந்தன. அந்தச் சில வாரங்களும் நான் ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தேன், கோடு போட்டேன்.

கேன்டீன் டிவியில்தான் அதைப் பார்த்தோம். பயிற்சி என்று சொன்னவர்கள் எல்லை தாண்டியிருந்தார்கள். அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் பாலங்களைத் தாங்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, இனி ஆறு காப்பாற்றும் என்று இருந்திருக்கிறார்கள். யாரும் எதிர்பாராத இடத்தில் படை ஆற்றில் இறங்கிவிட்டது என்று செய்தியாளர் சொன்னார். மேலிருந்து எடுத்த காட்சி. வளைவு, தீவு, தீவுக்குக் கீழே தண்ணீரில் வரிசையாக வண்டிகள். எதிர்க்கரையில் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்றுகூடத் திணறவில்லை. ஊர் இருந்த இடத்தில் புகை.

அவள் எழுந்து டிவிக்குக் கிட்டே போனாள். "அது நம்ம கட்டம்," என்றாள். பிறகு திருத்திக்கொண்டாள். "என் கட்டம்."

பாத்ரூமுக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுகை நின்று விக்கல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"உனக்குக்கூடப் படலியேடி. ஆத்துல பொறந்து வளந்தவ நீ, உன் கண்ணுக்குப் படாதது என் கண்ணுக்கு ஏன் பட்டுச்சு?"

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "உனக்குத் தெரியாதில்ல. வெள்ளத்துக்குன்னுதானே சொன்னாங்க."

அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரிஞ்சிருந்தா நீ போட்டிருப்பியா?"

"மாட்டேன்," என்றேன்.

அது பொய் இல்லை. தெரிந்த பிறகு நான் போடவில்லைதான். என் வாழ்க்கையில் ஒரு உண்மையை அவ்வளவு கேவலமாகச் சொன்னதில்லை.

அந்த மாதமே அவள் வேலையை விட்டுவிட்டாள். டீம் லீட் எவ்வளவோ பேசிப் பார்த்தார். இப்போது அவர்கள் பகுதியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். இருக்கை காலியாக இருந்ததால் பஞ்சாயத்துக் கட்டங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள்தான் கூப்பிடுவாள். பிள்ளைகள், விலைவாசி, துணிக்கடை முதலாளியம்மா என்று பேசிக்கொண்டே வந்து கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். செத்தவர்களுக்காக மாதம் ஒருநாள் சாப்பிடாமல் இருக்கிறாளாம். டிவியை விற்றுவிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுக்கிறேன். நான்தான் முதலில் பார்த்தேன், எனக்கு எல்லாம் தெரியும், உன்னிடம் மறைத்தேன், உன் கையாலேயே நடக்கவிட்டேன் என்று நான்கே வாக்கியம். மனப்பாடமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னாள்: "ஒண்ணு நெனச்சித்தான்டி மனசத் தேத்திக்கிறேன். நாம ரெண்டு பேருல ஒருத்திக்காவது இந்தப் பாவம் இல்ல. நீ நல்லவ. அதான் கடவுள் அன்னிக்கு உன் கண்ண மறச்சிட்டான்."

நான் "ம்" என்றேன். அவள் திருப்தியாகப் போனை வைத்தாள்.