பஸ்ஸில் நான் செய்த தலைவர் விமர்சனம்

ஹைதராபாத்தில் ஆபீஸ் பஸ்ஸில் தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்பது இருபது வருடங்களாக என் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்தத் தைரியத்தில்தான் அன்று காலை ஏ.எஸ்.ராவ் நகரில் ஏறியதுமே சேலத்து மச்சானோடு அவனுடைய கட்சித் தலைவரைப் பற்றிப் போனில் சண்டையைத் தொடங்கினேன்.

“எங்க தலைவர் தங்கமான மனுஷன், மாமா. பணக்கார வீட்ல பொறந்தது அவர் தப்பா?”

“நல்லவராவே இருக்கட்டும். கார் கதவைத் திறக்கவே ஆள் வச்ச குடும்பம். பஸ் பிடிக்க ஓடுற நம்ம கஷ்டம் அவருக்கு எப்படித் தெரியும்?” என்று முழங்கினேன்.

முன் சீட்டுத் தலை திரும்பியது. புதிதாக வந்த எங்கள் தெலுங்கு மேனேஜர். என் பதவி உயர்வுக்கு அந்த வாரம் அவர்தான் சிபாரிசு எழுத வேண்டும்.

“நான் பத்து வருஷம் சென்னையில வேலை பாத்தேன்” என்றார் தமிழில். “ஸ்கூலுக்கு நானும் டிரைவர் வச்ச கார்லதான் போனேன்.”

போனை அணைக்கப்போய் ஸ்பீக்கரை அழுத்திவிட்டேன்.

“இப்ப பதில் சொல்லுங்க, மாமா” என்றான் மச்சான், பஸ் முழுவதற்கும் கேட்கும்படி.

“நீங்க எங்களோட பஸ்ல வர்றீங்களே, சார். அதான் வித்தியாசம்” என்று சமாளித்தேன்.

“என் கார் சர்வீஸுக்குப் போயிருக்கு” என்றார்.

ஆனாலும் சிபாரிசு எழுதினார். பதவி உயர்வும் வந்தது. “பாத்தீங்களா, வசதியான வீட்டுப் பிள்ளைங்களுக்கு மனசும் பெருசு” என்கிறான் மச்சான்.

தலைவரைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. அதை இப்போதெல்லாம் மொட்டை மாடியில் நின்று சொல்கிறேன், பக்கத்து மாடிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு.