நாற்பது நாள் கீரை

“ஊசி குத்தி ரத்தம் எடுக்கறதுக்கு இன்னாடி மூணு வருசப் படிப்பு? கொசு எந்தக் காலேஜ்ல படிச்சுது?”

கள்ளக்குறிச்சியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் தாய்மாமன் கேட்டது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அவர் கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவருடைய கேலிக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் ஊரில் கிடையாது.

அடுத்த வருடம் மாமாவின் இதயம் தளர்ந்துபோனது. ஓர் அறக்கட்டளையின் தயவில் சென்னையில் இதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் பம்பு வைத்தார்கள். வயிற்றிலிருந்து வரும் ஒயர் இடுப்புப் பெட்டிக்குப் போகும். தோள்பையில் இரண்டு பேட்டரி. பம்பு ரத்தத்தை ஓயாமல் தள்ளுவதால் கையில் நாடியே தெரியாது. எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் அவருடைய ஒரு கையைப் பிடித்தார், மறு கையைப் பிடித்தார், வெளிறிப்போனார்.

“இன்னாம்மா, செத்துட்டனா? வூட்டுக்குச் சொல்லி அனுப்பட்டா?” என்றார் மாமா. சிரிப்பை அடக்க நான் வெளியே ஓட வேண்டியிருந்தது.

பம்புக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. அதைத் தடுக்கத் தினமும் மாத்திரை. அது சரியாக வேலை செய்கிறதா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் ரத்தத்தை நான்தான் சோதிப்பேன். தினமும் காலையில் பஸ்ஸுக்கு ஓடும் முன் பக்கத்து வீட்டில் இருக்கும் அவரிடம் போய், பெட்டியின் திரையில் வரும் எண்களை நோட்டில் எழுதுவேன். “இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க” என்று சல்யூட் வைப்பார்.

இந்த வருடத் தவக்காலத்தின் நடுவில் ஒருநாள், சோதனையில் அவர் ரத்தம் மிகச் சீக்கிரம் உறைந்தது. மறுபடி சோதித்தேன். அதே முடிவு. பஸ் பிடித்து மாமா வீட்டுக்கு ஓடினேன்.

“மாமா, மாத்திரய வுட்டுட்டியா?”

“மாதா மேல சத்தியமா இல்லடி.”

“என் கண்ணு முன்னாலதான் முழுங்கறாரு” என்று அவர் மனைவி, என் அத்தை, கோபித்துக்கொண்டார். அத்தையின் முறத்தில் முருங்கைக்கீரை. பக்கத்தில் கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிய கீரைக் கட்டுகள்.

“தெனமும் கீரயா அத்த?”

“நாப்பது நாளும் கறி, மீனு கெடயாது. அவரு நெஞ்சுக்காக நேந்துகினு இருக்கேன். ரெண்டு வேளயும் கீரதான்.”

பயமும் கண்டுபிடித்த குஷியும் சேர்ந்தே வந்தன. கீரையிலிருக்கும் வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். கீரை சாப்பிடலாம், ஆனால் எப்போதும் ஒரே அளவில் என்று சென்னையில் சொல்லியிருந்தார்கள். அதில் ‘கீரை சாப்பிடலாம்’ என்ற பாதி மட்டும்தான் வீடு வந்து சேர்ந்திருக்கிறது. நோட்டைப் புரட்டினேன். பம்பு இழுக்கும் மின்சாரம் சில நாட்களாகத் துளித்துளியாக ஏறியிருந்தது. தினம் எழுதிய எனக்கே அது பிடிபடவில்லை.

“ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது மாமா?”

“பொம்பளப் புள்ள கேக்கற கேள்வியாடி இது?”

“சொல்லு!”

அத்தையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். “டிக்காஷன் கலரு.” பம்புக்குள் அடைப்பு இருந்தால் ரத்த அணுக்கள் உடைந்து சிறுநீர் அப்படித்தான் கறுக்கும்.

அங்கிருந்தே சென்னைக்கு போன் செய்து எண்களை வாசித்தேன். பம்புக்குள் ரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம், உடனே கிளம்புங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது அத்தை விசும்பினார். “சாமிக்கு நேந்துகினது தப்பாடி?”

“நேந்துகினது தப்பில்ல அத்த. கீரதான் ஜாஸ்தி.”

“அப்ப ஈஸ்டர் வரைக்கும் காத்துகினு இருக்க வாணாம். இன்னைக்கே கறி எடுக்கலாம்” என்றார் படுத்திருந்த மாமா. அழுதுகொண்டே சிரித்தோம்.

சென்னையில் நான்கு நாள் நரம்பு வழியாக, உறைவைக் கரைக்கும் மருந்து ஏறியது. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் அந்தத் திரையையே பார்த்திருந்தேன். ஐந்தாம் நாள் காலை மின்சார எண் பழைய இடத்துக்கு இறங்கியது. வராந்தாவில் நான் குதித்த குதியில் என் செருப்பு வார் அறுந்தது, நர்ஸ் திட்டினார், அவரையும் கட்டிக்கொண்டேன். பம்புகளைப் பராமரிக்கும் பெண் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, “இந்த மெஷினுங்கள ஓட்டறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, தெரியுமா?” என்றார்.

தெரியாது. அந்த வராந்தாவில் நின்றபடியே போனில் விண்ணப்பம் போட்டேன்.

மாமாவின் எண்களை இப்போது அத்தை படமெடுத்து அனுப்புகிறார். இதைச் சென்னையில் ஒரு விடுதியின் மேல்கட்டிலில் கால் தொங்கப்போட்டு எழுதுகிறேன். வகுப்பு தொடங்கி மூன்று வாரமாகிறது. இன்று முதன்முறையாக, ஓடாத ஒரு பம்பை என் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தேன்.