மகள் கைதட்டாத பாட்டு

மேடைப் பாடகி ஒருத்தியை மூன்று பேர் காதலிக்கும் சிரிப்புப் படம். நாலு வயது மகளுடன் பகல் காட்சிக்குக் கம்பம் போனேன். கிளம்பும் அவசரத்தில் எங்கள் பந்தலில் திராட்சை பறித்து, கழுவாமலே அவளிடம் கொடுத்திருந்தேன். பாட்டுக்குப் பாட்டு கைதட்டியவள், பாடகி மூன்றாவது காதலனோடு ஆடும்போது தட்டவில்லை. தொட்டுப் பார்த்தேன், உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் ஒழுகியது.

பக்கத்து இருக்கை அக்கா, அவள் தின்று மிச்சம் வைத்திருந்த பழத்தை மோந்து பார்த்து, "மருந்து வாடை அடிக்குதே! படம் எங்கனயும் ஓடிப் போகாது, பிள்ளையத் தூக்கு ஆத்தா!" என்று எங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அன்று காலையில்தான் என் வீட்டுக்காரர் பந்தலுக்குப் பூச்சி மருந்தடித்திருக்கிறார், எனக்குத் தெரியாது.

மாரியம்மன் காத்தாள். மறுநாள் கண் விழித்த மகள், "பாடுற அக்கா யாரைம்மா கட்டிக்கிட்டாக?" என்றாள். சிரித்தபடியே அழுதேன்.

இப்போது வீட்டுக்காரரைக் கேட்காமல் பந்தலில் கை வைப்பதில்லை. கழுவாமல் எந்தப் பழமும் தருவதில்லை. பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்த அக்காவுக்காக வெள்ளிதோறும் விளக்கு ஏற்றுகிறேன்.