அம்மனுக்கு ஒரு கை

மராட்டிய ஊரான ஏரவாடாவில், தமிழர்கள் குடியிருக்கும் எங்கள் வஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், இரண்டு மாரியம்மன் கோவில்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு சாக்கடையும் தீராத பகையும் ஓடுகின்றன. போன வருஷம் ஆடி மாசம் கூழ் ஊற்றியபோது இரண்டு கோவில் வாசலிலும் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். இரண்டிலும் ஒரே அம்மன். அதே கண், அதே மூக்குத்தி, அதே சிரிப்பு. "எங்க அம்மனைத் திருடிட்டானுங்க" என்று எங்கள் சந்துக்காரர்கள் கிளம்ப, "உங்க அம்மன்னு எழுதியா ஒட்டியிருக்குது?" என்று அவர்கள் சட்டையைப் பிடிக்க, போலீஸ் வரும் அளவுக்குப் போய்விட்டது. எங்கள் கோவில் படத்தைச் செய்தவன் நான். நான் முகத்தை இறக்கிய அதே இணையதளத்திலிருந்துதான் அந்தச் சந்து டிசைனரும் இறக்கியிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு சந்தும் ஒற்றுமையாகி என்னை மொத்தியிருக்கும்.

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை அப்படித்தான். பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், எதுவானாலும் தலையை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், உடம்பை நாங்கள் போட்டுவிடுவோம். வெள்ளை குர்தா போட்ட ஒரே உடம்பின் மேல் எத்தனை தலைவர்களின் தலையை வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. என் கம்ப்யூட்டரில் புலி, சிங்கம், கிரீடம், வாள், ஒளிவட்டம் எல்லாம் வெட்டித் தயாராக இருக்கும். எதுவும் என்னுடையது இல்லை. யார் வரைந்தது, யார் எடுத்த போட்டோ என்று கேட்டதும் இல்லை. இப்போது வாயால் சொன்னாலே கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருகிற வசதியும் வந்துவிட்டது. அதுவும் யார் யாரோ வரைந்ததை மென்று துப்புவதுதான். இதிலெல்லாம் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. சோறு போடுகிற வேலையிடம் யார் ஜாதகம் கேட்பார்கள்?

இந்த வருஷம் மழை பிடித்ததும் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முதலில் தெருமுனை கிளினிக், மாத்திரை, ரசம் சாதம். பிறகு வாந்தி, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. டெங்கு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் சேர்த்தோம். தினமும் ரத்தம் எடுத்தார்கள், தினமும் பிளேட்லெட் இறங்கியது. "இறங்கிக்கொண்டே இருக்கிறது. பார்க்கலாம்" என்றார் டாக்டர். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவர். நான் அன்றைக்கு அவரிடமிருந்து ஒரு பொய்யைத்தான் எதிர்பார்த்தேன். அவளுடைய வலது கையில் ஊசி ஏற்றி வெள்ளை பிளாஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கை வீங்கி பன் மாதிரி ஆகியிருந்தது. ஊசியைத் தொட்டால் முதலில் வீறிட்டு அழுவாள். பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

என் மனைவி தன் மொபைலைக் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாள். திரையில் நான் செய்த அம்மன். திரை அணையும்போதெல்லாம் தட்டி எழுப்பிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் கையைக் கூப்பிப் பார்த்தேன். முடியவில்லை. அந்த முகம் நான் இறக்கியது. கிரீடம் வேறு ஏதோ ஊர் துர்க்கையுடையது. ஆசி தரும் அந்தக் கை ஒரு சோப்பு விளம்பரத்திலிருந்து வந்தது. அதிலிருந்த சோப்பை அழித்துவிட்டு உள்ளங்கையில் குங்குமம் வைத்தது நான். அந்த அம்மனுடைய ஒவ்வொரு அங்கத்துக்கும் எனக்கு விலாசம் தெரியும். இவளிடம் போய் என் பிள்ளையைக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது? வார்டில் இருந்த எல்லா அப்பன் அம்மாவுக்கும் கும்பிட ஒன்று இருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

"இன்னா அப்படியே உக்காந்துகினு கீற? கும்புடேன்" என்றாள் மனைவி.

"இது நான் வெட்டி ஒட்டுனதுடி."

"ஒட்டுனா இன்னா? அம்மா அம்மாதான்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை. நடைபாதையில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று நேர்ந்துகொண்டேன். தாயே, உன்னை என் கையால் வரைகிறேன். எவனிடமிருந்தும் ஒரு இமை மயிர்கூட எடுக்க மாட்டேன். இந்த ஆடிக்கு உன் வாசலில் கட்டுகிறேன். என் பிள்ளையை விட்டுவிடு.

அன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்தேன். மொபைலில் விரலால் வரைகிற ஆப் இருந்தது. ஒரு கண் வரைந்தேன். இணையதளத்துக் கண். அழித்தேன். உதட்டை மாற்றினேன். காலண்டர் உதடு. முகத்தைச் சற்றுத் திருப்பினேன். கடையில் நூறு தடவை ஒட்டிய லட்சுமி திரும்பிப் பார்த்தாள். எங்கே தொடங்கினாலும் விரல் தெரிந்த வழியிலேயே போய் நின்றது. இத்தனை வருஷம் அடுத்தவன் படத்தை வெட்டிப் பிழைத்ததில் என் கைக்கு என்று எதுவும் மிச்சமில்லை. எட்டிப் பார்த்த மனைவி, "அட, நம்ம அம்மன் மாதிரியே கீது" என்று சந்தோஷப்பட்டாள். பாராட்டித்தான் சொன்னாள். எனக்கு மொபைலைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

அப்போது பார்த்துக் கடை முதலாளி போன் செய்தார். யாரோ ஒரு வட்டத் தலைவரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், தலைக்குப் பின்னால் வைக்கும் புலி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டார். "என் பொண்ணு சாகக் கிடக்கிறா, உனக்குப் புலி வேணுமா?" என்று இந்தியில் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் வார்டு நம்பர் கேட்டார். சாயந்திரம் இளநீரோடு வந்து நின்றார். புலியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அடுத்த நாள் மகளுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. நர்ஸுகள் ஓடினார்கள். என் மனைவி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு ஒரே நினைப்புதான். வரைகிறேன் என்று சொல்லிவிட்டு வரையவில்லை, அதற்குத்தான் அம்மன் கணக்குக் கேட்கிறாள். இரண்டு தடவை விரலால் தட்டினால் ஒரு முகம் வந்து இறங்கும். லேசாகக் கலைத்துவிட்டால் எவனும் கண்டுபிடிக்க மாட்டான். விரலைத் திரைமேல் கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டேன். நேர்மையெல்லாம் ஒன்றும் இல்லை, பயம். அவளை ஏமாற்ற முடியாது என்ற பயம். மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனி என்னால் ஆகக்கூடியது எதுவும் இல்லை என்று தெரிந்தது.

விடிந்தபோதும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டரின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. அதன் கீழே கொஞ்சம் காய்ந்த ரத்தம். கட்டைவிரல் நகத்தில் ஸ்கெட்ச் பேனாவின் பச்சை இன்னும் போகாமல் இருந்தது. என் கம்ப்யூட்டரில் இருந்த எந்தக் கையும் இப்படி இல்லை. மொபைலை மடியில் வைத்து, இடது கையால் அவளைப் பிடித்தபடியே வலது விரலால் வரையத் தொடங்கினேன். வீக்கத்தை வரைந்தேன், பிளாஸ்டரை வரைந்தேன், பச்சையையும் விடவில்லை. அந்தக் கையை உயர்த்தி ஆசி தருகிற மாதிரி வைத்தேன். கையிலிருந்து தோள் வந்தது, தோளிலிருந்து முகம் வந்தது. அழகான முகம் இல்லை. ஒரு கண் சின்னதாக இருந்தது. பல நாள் தூங்காதவள் மாதிரி இருந்தாள். ஆனால் அவளுடைய விலாசம் எனக்குத் தெரியவில்லை. நான் முதல் தடவையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

காலை ரவுண்டுக்கு வந்த டாக்டர் சீட்டைப் பார்த்தார். "ஏறியிருக்கிறது. இனி ஏறும், பயப்படாதீர்கள்" என்றார். என் மனைவி அவர் காலில் விழப் போனாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில் மகள் கண் விழித்தாள். பல நாளைக்குப் பிறகு தெளிந்த கண். என் மடியில் கிடந்த மொபைலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பப்பா, அது என் கை."

"ஆமாம்மா."

"என்னைக் கேக்காம எடுத்துகினியா?"

எவரிடமிருந்தும் எடுக்க மாட்டேன் என்றுதானே நேர்ந்துகொண்டேன்? கடைசியில் பிள்ளையிடமிருந்து எடுத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னை அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மனைவியைப் பார்த்தேன். "கேட்டுடு அவளை" என்றாள்.

"அம்மனுக்கு வேணும்மா. குடுக்கறியா?"

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு வீங்கிக் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

"இது வேணாம் பப்பா. இது ரொம்ப வலிக்குது. அம்மனுக்கும் வலிக்கும்" என்றாள். போர்வைக்குள்ளிருந்து இன்னொரு கையை மெல்ல வெளியே எடுத்து, விரல்களை விரித்து, என் முன்னால் நீட்டினாள்.

"இதை வரை."