வலப்பக்கம் சாயும் புவனேந்திரன்

கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டியபடி, கார் நிறுத்தும் இடத்தில் புவனேந்திரன் அண்ணன் தள்ளாடிக்கொண்டிருக்கிறார். எங்கள் பாயா ரும்புட் குடியிருப்பில் பொழுது இப்போதுதான் விடிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை மறந்து உட்கார்ந்து பார்க்கிறது. துணி காயப்போட வந்த எதிர்வீட்டு டீச்சர் நானும் பார்க்கிறேன். "சிரிக்காதீங்கலா டீச்சர். நாலு கால்ல நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு இப்பதான் தெரியுது," என்கிறார்.

ஐம்பதைத் தாண்டியவர். தங்கா பத்து கடற்கரையோரம் ஒரு குதிரை லாயத்தில் வேலை. மானிஸ் என்ற பழுப்பு நிறப் பெண்குதிரையில் இவர் முன்னால் போவார். பிள்ளைகள் உட்கார்ந்து வரும் மட்டக்குதிரையின் கயிறு இவருடைய வலது கையில் இருக்கும். பிள்ளை விழுந்து தொலைத்துவிடக் கூடாதே என்று வழிநெடுக வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, மனுஷன் அந்தப் பக்கமே சாய்ந்து செட்டாகிவிட்டார். எந்தக் கல்யாணப் போட்டோவிலும் பக்கத்து ஆளின் காதில் ரகசியம் சொல்வதுபோலத்தான் நிற்பார். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தால் காவடியும் வலப்பக்கம் சாயும். அருள் வந்துவிட்டது என்று சனங்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இவரும் ஒருநாளும் மறுத்ததில்லை.

முதுகுவலி வந்தபோது தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குற்றம் சொன்னார். மெத்தை சரியில்லை என்றார், மாற்றினார்கள். மோட்டார் சைக்கிள் சீட்டு சரியில்லை என்றார், அதையும் மாற்றினார்கள். கடைசியில் குதிரைச் சேணமே கோணல் என்று முடிவுகட்டி, அதன் வலப்பக்கத்துக்கு அடியில் ஒரு துண்டை மடித்துச் செருகிக்கொண்டார். "ஆள நிமித்துறத விட்டுட்டு துண்ட மடிச்சு வைக்கிறாரு பாருங்க," என்று அவர் மனைவி ராகினி என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

துண்டு செய்த வேலை பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் இவர் ஏறப் போனபோது மானிஸ் காதை மடக்கிக்கொண்டு விலகியது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தால், அதன் முதுகில் வலப்பக்கம் மட்டும் சதை இறுகிக் கிடந்தது. தொட்டாலே நெளிந்தது. லாயத்து முதலாளி கந்தசாமி பேச்சை வளர்க்கவில்லை. "அதுக்கு ரெஸ்ட் குடுப்போம். நீ நேரா உக்கார கத்துக்கிட்டு வா, ஏறு. இல்லாட்டி மானிஸ வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

அன்றைக்கு அண்ணன் சோற்றைத் தொடவில்லை. "எனக்கு முதுகு சக்கிட்னா தைலம் தேச்சுக்குவேன் டீச்சர். அது வாயில்லா ஜீவன், யார்கிட்ட போயி சொல்லும்? நான்தான் அத நோக வச்சிருக்கேன்," என்றார். இத்தனை நாள் இந்த மனுஷனைக் கிண்டல் செய்தோமே என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது.

மறுநாளே குருபோங்கில் ஷாந்தினி என்ற பிசியோதெரபி பெண்ணைப் போய்ப் பார்த்தார். அவள் இவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தோளைப் பிடித்து நேராக்கினாள். "மிஸ், விடாதீங்க, நான் இடப்பக்கம் விழப்போறேன்," என்று இவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல அங்கிள், இப்பதான் நேரா இருக்கீங்க. சாஞ்சு சாஞ்சு பழகுன உடம்பு, நேரா வந்தா அப்படித்தான் தோணும்," என்று போனில் படம் எடுத்துக் காட்டினாள். அண்ணன் படத்தை உற்றுப் பார்த்தார். "போன்தான் சாஞ்சிருக்கு மிஸ்."

வீட்டிலும் இதே கூத்துதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவார். ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவார். கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பார்த்துவிட்டு, "நிலைய கோணலா வச்சிட்டானுங்க," என்பார். ராகினி ஒரு நூலில் பூட்டைக் கட்டி நிலையோரம் தொங்கவிட்டார். நிலை நேராகத்தான் இருந்தது. அண்ணன் அந்தப் பூட்டை வெகுநேரம் முறைத்தார். அதற்குப் பிறகு எதையும் குறை சொல்லாமல் பயிற்சி செய்தார். வலி மெல்ல மெல்லக் குறைந்தது. விழப்போகிறோம் என்ற பயம் மட்டும் விட்டபாடில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. ராகினியும் நானும் லாயத்து வேலியோரம் நின்றோம். சேணத்துக்கு அடியில் துண்டு இல்லை. அண்ணன் ஏறி, மூச்சை இழுத்து, நிமிர்ந்தார். இரண்டு கையாலும் குதிரையின் பிடரிமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ராகினி, நான் விழுறேன்லா," என்றார் உதட்டை அசைக்காமல்.

"விழல. நேராதான் இருக்கீங்க."

கந்தசாமி பின்னால் போய் நின்று பார்த்தார். முன்னால் வந்து, கயிற்றைப் பிடித்து மானிஸை நடத்தினார். அது ஒரு சுற்று வந்தது. காது மடங்கவில்லை, முதுகு நெளியவில்லை. இன்னொரு சுற்றுக்குக் கந்தசாமி கயிற்றை இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. "அதுக்கு வலிக்கலடா," என்றார்.

மானிஸின் நிமிர்ந்து நிற்கும் காதுகளையே அண்ணன் பார்த்தார். பிறகு பிடரிமயிரிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விழுந்தால் விழட்டும் என்று, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.