வேறு அறையில் அச்சான கணக்குத் தாள்

பள்ளி அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'பம்பரம் அக்கா'. ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் எழுந்து ஜன்னலைச் சாத்துவாள், மறுபடி திறப்பாள், வாசலில் யார் வந்தது என்று எட்டிப் பார்ப்பாள். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டே பொறந்தவ" என்று சின்ன வயதிலேயே அவளுடைய அம்மா சலித்துக்கொள்வாளாம். துணிக்கடை, வக்கீல் அலுவலகம் என்று சேர்ந்த இடத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்தவள், இந்தப் பள்ளியில் மட்டும் நிலைத்தாள். இங்கே அவளை ஓரிடத்தில் உட்காரச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

ஒரே ஒரு வேலையில் மட்டும் அவளுக்கு நிதானம் வரும். அது வினாத்தாள். ஆசிரியர்கள் கையால் எழுதித் தருவதை அறையைத் தாழ்ப்போட்டுக்கொண்டு தட்டச்சு செய்வாள். ஒரே ஒரு பிரதி எடுத்துத் தலைமையாசிரியையின் கையில் கொடுப்பாள். அத்துடன் அதை மறந்துவிடுவாள். அந்த வருடம் அவளுடைய மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். "வேற யார்கிட்டயாவது கொடுக்கட்டுமா?" என்று தலைமையாசிரியை முன்கூட்டியே கேட்டார். "அவ கேக்க மாட்டா, நான் சொல்ல மாட்டேன் மேடம்" என்று சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயத்தில் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. கூடவே பிரிண்டரும். பழுது பார்க்கிறவர் புதுக் கம்ப்யூட்டரையும் ஒரு புதுப் பிரிண்டரையும் கொண்டுவந்து வைத்தார். அதற்குள் அவருக்கு வேறெங்கிருந்தோ போன் வந்துவிட்டது.

"பிரிண்டரை மட்டும் நீங்களே சேத்துக்கோங்கக்கா. லிஸ்ட்ல வரும், தட்டினாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

பழைய பிரிண்டருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு வயர் இருந்தது. அச்சாகவில்லை என்றால் அதைப் பிடுங்கிச் செருகுவாள், சரியாகிவிடும். புதிய பிரிண்டரோ நடையின் கோடியில், எல்லா அறைக்கும் பொதுவாக நின்றது. அதையும் இந்தக் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைத்தது எது என்று கண்ணால் பார்க்க முடியவில்லை. வினாத்தாளை அனுப்பிவிட்டு ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். ஓடுவது அவளுக்குப் புதிதா என்ன?

பட்டியலைத் திறந்தாள். ஒரே பெயரில் இரண்டு பிரிண்டர்கள் இருந்தன. கடைசி எண் மட்டும்தான் வேறு. ஒன்றே இரண்டு தரம் வந்திருக்கிறது என்று நினைத்து, கைக்கு வந்ததைத் தட்டினாள். 'தயார்' என்றது திரை. சோதனைப் பக்கத்தை அனுப்பிவிட்டு நடைக்கு ஓடினாள். பிரிண்டர் விளக்கு எரிய சும்மா நின்றது. திரும்பி வந்து பார்த்தால், 'அச்சாகிவிட்டது' என்று திரை சாதித்தது.

அன்று பள்ளி முடிவதற்குள் கணக்கு வினாத்தாள் தலைமையாசிரியையிடம் போயாக வேண்டும். சோதனைப் பக்கத்துக்குத்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வினாத்தாளையே அனுப்பினாள். நடைக்கு ஓட்டம். ஒன்றுமில்லை. மறுபடி அனுப்பினாள், மறுபடி ஓடினாள். அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்களே, அந்தக் கதைதான். நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அனுப்பிய எதுவும் வரிசையில் தேங்கி நிற்கவில்லை. எல்லாம் போய்விட்டது. எங்கே போனது?

பழுது பார்க்கிறவரைப் போனில் பிடித்தாள்.

"கடைசி நம்பர் என்ன போட்டிருக்குக்கா?"

"நாப்பத்திரெண்டு."

"ஐயையோ, அது கம்ப்யூட்டர் லேபுக்கு வாங்கினது. உங்களுது நாப்பத்தொண்ணு."

போனை அவள் கீழே வைத்தாளா, போட்டாளா என்று தெரியாது. செருப்பைக்கூட மாட்டாமல் மாடியேறினாள். லேபில் அப்போது பத்தாம் வகுப்பு. அவள் மகளின் வகுப்பு.

கதவுக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆசிரியை முன்வரிசையில் ஒரு மாணவியின் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்சுவர் ஓரமாகப் புதுப் பிரிண்டர் நின்றது. அதன் வாயில் தாள் எதுவும் இல்லை. பக்கத்து இருக்கையில் இருந்த மகள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் குடிக்கப் போவதாக ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மாடிப்படித் திருப்பத்தில், சட்டைக்குள்ளிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. யாரும் பாக்கல. நான்தான் பக்கத்துல இருந்தேன், வந்ததும் எடுத்துட்டேன்."

"நீ பாத்தியா?"

"கணக்குன்னு மேல போட்டிருந்துச்சு. உடனே மடிச்சுட்டேன்."

"நிஜமா?"

மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

எல்லாத் தாள்களும் இருந்தன, ஒன்றும் குறையவில்லை. அம்மா தன் அறைக்கு வந்து எல்லாவற்றையும் சுக்குநூறாகக் கிழித்தாள். சரியான பிரிண்டரைச் சேர்த்து, ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டாள். காரியம் முடிந்தது. வெளியே ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஆனால் உறையை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறை வரை போனவள் திரும்பி வந்தாள். மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். மகள் பொய் சொல்கிற பெண் இல்லை. ஆனால் கணக்கில் அவள் அவ்வளவு கெட்டியும் இல்லை. முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். தெரிந்தது போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது.

கடைசியில் தலைமையாசிரியையின் முன்னால் போய் நின்று, நடந்ததை அப்படியே கொட்டிவிட்டாள்.

"உங்க பொண்ணு பாக்கலன்னு சொல்றா. நீங்க நம்புறீங்களா?" என்று அவர் கேட்டார்.

"நம்புறேன் மேடம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா வேற பேப்பர் போடச் சொல்லுங்க."

கணக்கு ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எழுதின பேப்பரும்மா அது!" என்று புலம்பினார். புதுத் தாளைத் தானே எழுதி, இரண்டே விரலால் தானே தட்டச்சு செய்தார். அவள் வெளியே நடையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து, "இந்த ஸ்கொயர் ரூட் எங்கம்மா இருக்கு?" என்று அவர் கத்தினார். தாளைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு போய்க் காட்ட முடியுமா? வாசலில் நின்றபடியே வழி சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளே மகளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப என்னை நம்பல."

"நம்பினேன்டி."

"நம்பினா ஏன் போய்ச் சொன்ன?"

"நாளைக்கு நீ நல்ல மார்க் வாங்கினா, அவங்கம்மாதானே டைப் பண்றவங்கன்னு நாலு பேர் சொல்லுவாங்க. ஊர் வாயை மூட முடியுமா?"

"ஊரைப் பத்தி நான் கேக்கல. உன்னைப் பத்திக் கேட்டேன்."

அம்மா அடுப்பை அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள்.

தேர்வு முடிகிற வரை மகள் அவளோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் அப்பா வழியாகத்தான். பஸ் பணிமனையிலிருந்து கை கறுத்துப்போய் வருகிற மனுஷன் சாப்பிட உட்கார்ந்ததும், "அப்பா, குழம்புல உப்பு இல்லன்னு சொல்லுங்க" என்பாள். "உப்பு டப்பா அவ கைக்கிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க" என்று மறுபக்கத்திலிருந்து பதில் வரும். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரனா?" என்று அவர் ஒருநாள் தட்டோடு எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டார். இரவில் மகள் உரக்கக் கணக்குப் போட்டுப் பார்ப்பது கேட்கும். அம்மா படுக்கையில் புரண்டுகொண்டே இருப்பாள்.

புதுத் தாள் பழையதைவிடக் கடினம். வகுப்பே கணக்கு ஆசிரியரைச் சபித்தது. மகள் எடுத்தது சுமாரான மதிப்பெண். எப்போதும் வாங்குவதுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம்தான்.

அறிவியல் செய்முறைக்காக ஏதோ அச்செடுக்க வேண்டும் என்று ஒருநாள் மதிய இடைவேளையில் மகளே அலுவலகத்துக்கு வந்தாள். வேறு யாரும் இல்லை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைத் திறந்தாள்.

"ரெண்டும் இன்னும் ஒரே பேர்லதான் இருக்கு. இப்படி இருந்தா யாருக்குத்தான் தெரியும்?" என்று சொல்லி, ஒன்றுக்கு 'நடை' என்றும் மற்றதற்கு 'லேப்' என்றும் பெயர் மாற்றினாள்.

அம்மா அவள் பின்னாலேயே நின்றிருந்தாள். "அன்னிக்கு எனக்கு உம்மேல கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு" என்றாள்.

"தெரியும்."

"இல்லன்னு உன்கிட்ட சொல்லிட்டேன். அது பொய்."

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மடிக்கும்போது முதல் கேள்வி மட்டும் கண்ணுல பட்டுச்சும்மா. ராத்திரி பூரா அதையே நினைச்சுக்கிட்டுக் கெடந்தேன். அப்புறம் பரீட்சை வரைக்கும் அந்தப் பாடத்தைத் தொடவே இல்ல. பேப்பரை மாத்தினாலும், தொட்டா ஏமாத்தின மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். புதுப் பேப்பர்ல அதே பாடத்துலதான் பத்து மார்க் கேட்டிருந்தாரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சிரிக்காதம்மா. பத்தும் போச்சு."

"சிரிக்கலடி."

அச்சான தாளை எடுக்க இரண்டு பேரும் ஒன்றாகவே நடைக்குப் போனார்கள். தாளில் ஒரு ஓரம் மங்கலாக இருந்தது. இன்னொரு பிரதி எடுக்கலாம் என்றாள் அம்மா. இதுவே போதும் என்றாள் மகள்.